சானிடைசர் பூசிய கையும் சோலைத் தவளையும்

கொடைக்கானலிலிருந்து வட்டக்கானலுக்கு இறங்கும் சாலை. ஐப்பசி மழை சற்று விட்டிருந்த இரவு. கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேரை வனத்துறை அனுமதியோடு தவளை பார்க்க அழைத்துப் போயிருந்தேன். சாலையோரப் புதரில், ஓர் இலையின் மேல் புதர்த்தவளை ஒன்று உட்கார்ந்திருந்தது. கட்டைவிரலின் முதல் கணு அளவுகூட இராது. தொண்டைப் பையைத் தன் உடம்பளவுக்கு ஊதிக்கொண்டு விட்டுவிட்டுக் கத்தியது. ஒரு மாணவர் முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து சானிடைசர் புட்டியை எடுத்து, இரண்டு உள்ளங்கைகளிலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டு, தவளையைப் பிடிக்கக் கை நீட்டினார். சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"கையைச் சுத்தம் செய்துவிட்டுத்தானே அக்கா தொடுகிறேன்?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். கொரோனா நமக்கெல்லாம் அப்படித்தான் பழக்கிவிட்டிருக்கிறது. கிருமி என்றால் கெட்டது, கொன்றுவிட வேண்டும். தவளை விஷயத்தில் இந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்று அன்று மழைத்தூறலில் நின்றபடி சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரமான இடத்தில் அடிவயிற்றை அழுத்தி உட்கார்ந்து தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சில் ஒரு பங்கும் தோல் வழியாகத்தான். சோடியமும் பொட்டாசியமும் உடம்பில் சரியான அளவில் நிற்பதும் அந்தத் தோலை நம்பித்தான். ஆகவே நம் கையிலிருக்கும் ஆல்கஹாலோ, கொசு விரட்டிக் களிம்போ அதன்மேல் பட்டால் உடம்புக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடும். இந்த அளவு பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த வழவழப்பான சளிப்படலத்தில் பாக்டீரியாக்கள் கூட்டமாகக் குடியிருக்கின்றன என்பதும், அவற்றில் சில தவளையின் உயிரைக் காக்கின்றன என்பதும் பலருக்குப் புதிய செய்தி.

எதிலிருந்து காக்கின்றன? கைட்ரிட் என்ற பூஞ்சையிலிருந்து. ஆஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் மழைக்காடுகளில் தவளைகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, 1998-ல் இதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். இதன் நுண்வித்துகள் தண்ணீரில் நீந்திவந்து தோலில் புகுகின்றன. தோல் தடித்துப்போகிறது, உப்புகளை உள்ளிழுக்கும் வேலை தடைப்படுகிறது, கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. 2019-ல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பின்படி, தவளை போன்ற நீர்நில வாழ்விகளில் குறைந்தது 501 இனங்கள் இந்த நோயால் சரிந்திருக்கின்றன. அவற்றில் 90 இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றன. காட்டுயிர்களைத் தாக்கிய வேறெந்த நோய்க்கும் இப்படியொரு கணக்கு கிடையாது.

இந்தப் பூஞ்சைக்கு ஏற்ற வெப்பம் 17 முதல் 25 டிகிரி வரை. கொடைக்கானலின் பகல் வெப்பத்தை நினைத்துப் பாருங்கள். நமக்கு இதமாக இருக்கும் அந்தக் குளிர்ச்சி அதற்கும் இதம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் இது இருப்பது 2011-ல் முதன்முதலாகப் பதிவானது. இங்கே மட்டும் காணப்படும் மரபு வகைகள் இருப்பதும் இரண்டு ஆண்டுகளில் தெரியவந்தது. ஆனாலும் பனாமாவில் நடந்ததுபோல இங்கே தவளைகள் கூட்டமாக மடிந்த பதிவு இல்லை. நெடுங்காலம் இந்தப் பூஞ்சையோடு சேர்ந்து வாழ்ந்து பழகியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். தோல் பாக்டீரியாக்களுக்கும் இதில் பங்குண்டு என்பது தவளைத் தோலை ஆராயும் என் போன்றவர்கள் பின்தொடரும் விளக்கம்.

ஆய்வுக்கு மாதிரி எடுப்பது ஒரு நிமிட வேலை. ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை. முதலில் கிருமி நீக்கிய தண்ணீரை ஊற்றித் தோலில் சும்மா ஒட்டியிருக்கும் மண்ணையும் கிருமிகளையும் போக்குவோம். பிறகு பஞ்சுக் குச்சியால் அடிவயிற்றிலும் தொடையிலும் பாதத்திலும் மெல்லத் தடவிவிட்டு, தவளையை உட்கார்ந்திருந்த அதே இலையில் விட்டுவிடுவோம். அந்தக் குச்சியிலிருந்து வளர்ப்புத் தட்டில் முளைப்பவை வெண்ணெய் நிறம், மஞ்சள், இளஞ்சிவப்பு என்று சிறுசிறு பொட்டுகளாகத் தெரியும். அவற்றைப் பூஞ்சை பரவும் தட்டில் வைத்தால், சில பொட்டுகளைப் பூஞ்சை அப்படியே மூடிவிடும். சிலவற்றை அதனால் நெருங்க முடியாது. கோலப் புள்ளியைச் சுற்றி இழுத்த வளையம்போல ஓர் இடைவெளி தெளிவாக நிற்கும். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், அந்த வளையத்தைக் கண்டால் இன்றும் மனம் குதிக்கிறது.

கொடைக்கானலை அடுத்த பூம்பாறையில் பூண்டு போட்டிருக்கும் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் வியக்கவே இல்லை. தொழுஉரத்தில் சூடோமோனாஸ் கலந்து வயலில் இடுபவர் அவர். ஒரு பாக்டீரியா பூஞ்சை நோயை அடக்கும் என்பது அவருக்கு அன்றாட அனுபவம். தவளைத் தோலில் பூஞ்சையை எதிர்ப்பவற்றிலும் அதே சூடோமோனாஸ் குடும்பத்து உறவுகள் உண்டு என்றேன். உடனே கேட்டார்: "அப்படியானால் தவளைக்கும் அதைத் தூவிவிட வேண்டியதுதானே தாயி?"

விஞ்ஞானிகளும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அமெரிக்காவில் தவளைக்கு உறவான, வாலுள்ள சாலமாண்டர்களின் தோலில் ஜாந்தினோபாக்டீரியம் லிவிடம் என்ற பாக்டீரியா வாழ்கிறது. அது சுரக்கும் ஊதாநிறப் பொருள் கைட்ரிட்டை ஒடுக்கும். கலிபோர்னியாவின் மலைத்தவளை ஒன்றுக்கு ஆய்வகத்தில் இந்த பாக்டீரியாவைப் பூசிவிட்டு நோயைத் தொற்றவிட்டார்கள். பூசப்பட்டவை பிழைத்தன, பூசப்படாதவை மெலிந்து செத்தன. 2009-ல் வந்த அந்த முடிவு எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை தந்தது. அடுத்து பனாமாவின் பொன்னிறத் தவளைக்கு அதே மருந்தைக் கொடுத்தார்கள். பாக்டீரியா அதன் தோலில் நிலைக்கவில்லை, தவளைகள் காப்பாற்றப்படவில்லை. பின்னர் நடந்த இன்னொரு சோதனையில் சில பொன்னிறத் தவளைகள் தப்பின. தப்பியவற்றின் தோலில் தொடக்கத்திலேயே வேறு வகையான பாக்டீரியாக் கூட்டம் இருந்தது தெரிந்தது. வெளியிலிருந்து பூசியது தங்காத தோலில், அவற்றின் சொந்தக் குடிகள் வேலை செய்திருந்தன.

பெரியவர் தலையசைத்தார். "மலைப்பூண்டைக் கீழே கொண்டுபோய் நட்டால் இந்தக் காரம் வருமா?" என்றார்.

அப்படியென்றால் தவளையின் சொந்தக் குடிகள் எங்கிருந்து வருகின்றன? சருகிலிருந்து, மண்ணிலிருந்து, ஓடைத் தண்ணீரிலிருந்து. தவளை அடிக்கடி தோலை உரிக்கிறது. பெரும்பாலும் உரித்ததைத் தானே தின்றும்விடுகிறது. ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் பாக்டீரியாக்கள் குறைந்து, மீண்டும் பெருக வேண்டும். சுற்றுப்புறத்தில் விதை இருந்தால்தான் தோலில் பயிர் இருக்கும். அந்த இரவில் நாங்கள் பார்த்த புதர்த்தவளையினம் கொடைக்கானலில் கண்டறியப்பட்டு 2006-ல் பெயரிடப்பட்டது. அதற்குத் தலைப்பிரட்டைப் பருவமே தண்ணீரில் கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து குட்டித்தவளையாக வெளியே வரும். பிறந்த நொடியில் அதன் தோலில் ஒட்டுவது அந்தப் புதரடியின் ஈரமும் சருகு மக்கிய மண்ணும்தான். சோலைக்காட்டை வெட்டி யூகலிப்டஸ், வாட்டில் மரங்களை நட்ட இடங்களில் அந்த மக்கிய மண் இல்லை. கையால் அள்ளிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: சோலைச் சருகு பிழிந்தால் நீர் கசியும், யூகலிப்டஸ் சருகு நொறுங்கும்.

மருந்து தெளிப்பதையும் சொல்லியாக வேண்டும். கேரட்டும் உருளையும் பிழைப்பாக இருக்கும் ஊரில் தெளிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் உருளைக்கிழங்கின் கருகல் நோய்க்கு அடிக்கும் ‘குளோரோதலோனில்’ என்ற பூஞ்சைக்கொல்லி தலைப்பிரட்டைகளைக் கொல்லும் என்று 2011-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பூஞ்சையைக் கொல்லும் மருந்து நல்ல நுண்ணுயிர் எது, கெட்டது எது என்று பார்ப்பதில்லை. ஓடையோரத்தில் நாலு வரிசை விட்டுத் தெளிப்பதும், மருந்து டேங்கை ஓடையில் கழுவாமல் இருப்பதும் முடிகிற காரியங்கள். பெரியவர் இரண்டையும் செய்கிறார்.

நல்லெண்ணத்தால் வரும் கேடு எனக்கு அதிக வருத்தம் தருகிறது. சாலை விரிவாக்கத்தின்போது ஓரிடத்தில் மீட்ட தவளைகளைப் பிளாஸ்டிக் பெட்டியில் டிஷ்யூ காகிதம் விரித்து, குழாய்த் தண்ணீர் ஊற்றி, தினமும் கிருமிநாசினியால் துடைத்து வைத்திருந்தார்கள். பெட்டி பளிச்சென்று இருந்தது. தவளைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்தன. எடுத்த இடத்துச் சருகையே ஒரு பிடி போட்டு, அந்த ஓடைத் தண்ணீரையே தெளித்திருந்தால் அவற்றின் தோலுக்கு வேண்டியது கிடைத்திருக்கும். அதே அக்கறையில் இன்னொரு தவறும் நடக்கிறது. வற்றும் குட்டையிலிருந்து தலைப்பிரட்டைகளை வாளியில் அள்ளி வேறோர் ஓடையில் விடுகிறார்கள். ஓர் இடத்துப் பூஞ்சை வகை அந்த வாளியிலேயே இன்னோர் இடத்துக்குப் போய்விடுகிறது. கடையில் வாங்கி வளர்த்த தவளையை ஏரியில் விடுவதும் அப்படித்தான். கைட்ரிட் உலகெங்கும் பரவியதில் தவளை வணிகத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

தவளை பார்க்க வருகிறவர்கள் தொடாமல் பாருங்கள். டார்ச்சை முகத்துக்கு நேரே பிடிக்காமல் பக்கத்து இலையில் அடித்துவிட்டுப் பொறுமையாக நின்றால் மறுபடியும் கத்தத் தொடங்கிவிடும். அன்று அந்த மாணவரும் அப்படித்தான் பார்த்தார். சாலையில் கிடப்பதை அகற்றியே தீரவேண்டும் என்றால் ஓர் ஈர இலையால் ஏந்தி, அது போய்க்கொண்டிருந்த திசையிலுள்ள புதரில் விடுங்கள். ஓர் ஓடையிலிருந்து இன்னோர் ஓடைக்குப் போகும் முன் காலணிச் சேற்றை முழுக்கத் தேய்த்து எடுத்து, நன்றாகக் காயவையுங்கள். காய்ந்தால் கைட்ரிட் பிழைக்காது. ப்ளீச்சிங் கலந்த தண்ணீரில் கழுவினால் அந்தத் தண்ணீர் ஓடைக்குப் போகக்கூடாது. ஒரே ஓடையில் இரண்டு மூன்று தவளைகள் காயமின்றிச் செத்துக் கிடந்தால் கை வைக்காமல் படம் எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து, அன்றைக்கே வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். செத்த தவளையின் தோல் சீக்கிரம் அழுகிவிடும். மறுநாள் போனால் எங்களுக்கு அதில் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.