கறுப்பு மணி கிடைத்தால் துடைக்காதீர்கள்

அகழாய்வுக் குழியில் கறுப்பாக ஒரு மணி தென்பட்டால், விரலால் மண்ணைத் தேய்த்துப் பார்க்கத்தான் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். வெண்கலக் காலத் தொடக்கத்தில் பிரிட்டனில் ஜெட் என்ற கறுப்புப் பொருளாலான மணிகளை அணிந்தவர்களைப் பற்றிய சாட்சியம் பெரும்பாலும் மணியின் கோர்ப்புத் துளை விளிம்பில்தான் இருக்கிறது.

ஜெட் கல் அல்ல, மரம். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் புதைந்து இறுகியது. இங்கிலாந்தின் விட்பி கடற்கரை இதற்குப் பெயர்போனது. கையில் எடுத்தால் எடையே தெரியாது, கல்லைப் போலச் சில்லிடாது. உரசினால் தூசியை இழுக்கும், நெருப்பில் இட்டால் எரியும். இப்படியொரு பொருளை 4,000 ஆண்டுகளுக்கு முன் வெறும் அழகுக்காக மட்டும் அணிந்திருப்பார்களா? தீங்கு அண்டாமல் காக்கும் தாயத்தாகவும் அணிந்திருப்பார்கள் என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். துக்கத்துக்கு ஜெட் என்பது 1861-இல் விக்டோரியா அரசி கணவரை இழந்தபின் பெரிதாகப் பரவிய வழக்கம். அதை இவர்கள்மேல் ஏற்றாதீர்கள்.

ஸ்காட்லாந்தின் கில்மார்ட்டின் பகுதியில், கற்பலகைகளால் அமைத்த புதைகுழிகளான கற்பதுக்கைகளில் பிறை வடிவக் கழுத்தணிகள் கிடைத்திருக்கின்றன. நீள மணிகள் பல சரங்களாக இருக்கும். சரங்கள் பிரியாமல் பிடிக்க இடையிடையே பல துளையிட்ட தட்டுகள். நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரே அணியிலேயே சில துளைகள் கூர்மையாகவும், சில நூல் அறுத்துப் பள்ளம் விழுந்தும் இருப்பதுண்டு. பழைய அணியைப் பிரித்து, குறைந்த இடத்தில் ஜெட்டைப் போலவே கறுப்பாக இருக்கும் ஷேல் (களிமண் இறுகிய பாறை) அல்லது கேனல் நிலக்கரி (ஒரு வகை நிலக்கரி) மணி சேர்த்துக் கோத்திருக்கிறார்கள். தலைமுறை தாண்டி வந்த சொத்தாக இருந்திருக்கலாம்.

துணியால் தேய்த்தால் இந்தத் தடம்தான் முதலில் போகும். நகை வியாபாரிகள் செய்யும் சூடான ஊசிச் சோதனையும், பீங்கானில் கீறிப் பழுப்புக் கோடு பார்ப்பதும் கூடவே கூடாது. இரண்டும் வடு விடும். அடையாளம் காண எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனை இருக்கிறது. அதற்கு மணியைச் சுரண்ட வேண்டியதில்லை.

பெரிய ஆபத்து உலர்வது. ஜெட் ஓரளவு தாங்கும். ஷேல் ஈரம் போனதும் ஏடு ஏடாகப் பிளக்கும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம் என்பதால், எல்லாக் கறுப்பு மணியையும் ஷேல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எடுக்குமுன் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, கிடந்த நிலையைப் படமெடுங்கள். நூல் மக்கிவிட்டதால் சரத்தின் வரிசைக்கு அதுதான் ஆதாரம். துளையிலுள்ள மண்ணோடு, ஈரம் குறையாமல், இரட்டைப் பாலித்தீன் பையில் குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள்.

காட்சிக்கு வைக்கும்போது நைலானில் இறுக்கிக் கோக்க வேண்டாம். அது பழைய பள்ளத்தின் மேலேயே புதிதாக அறுக்கும். பிறை வடிவில் வெட்டிய மெத்துப்பலகையில் மணிகளைக் கிடத்தினால் போதும்.