பின்னூட்டம்: திரும்பி வந்து ஊட்டுவது

‘பின்னூட்டம் போடுங்கள்’ என்றால் கருத்து எழுதச் சொல்கிறார்கள் என்றுதான் இன்று பலரும் எடுத்துக்கொள்வார்கள். தவறில்லை. ஆனால் இதன் மூலமான ‘ஃபீட்பேக்’ வளர்ந்தது மின்சுற்றில். ஒரு சுற்றின் வெளியீட்டில் கொஞ்சம் அதன் உள்ளீட்டுக்கே திரும்பி வந்தால், அதற்கு அந்தப் பெயர்.

உண் என்பது தன்வினை, ஊட்டு என்பது பிறவினை. பாலூட்டு, நினைவூட்டு, வலுவூட்டு எல்லாம் அதன் வழி வந்தவை. (தீமூட்டு அந்தக் குடும்பம் அல்ல, அங்கே வினை மூட்டு.) பின்னோடு ஊட்டம் சேரும்போது, குறிலை அடுத்த னகர ஒற்று இரட்டித்துப் பின்னூட்டம் ஆகிறது. இயற்பியல் பாடத்தில் வரும் மின்னூட்டத்துக்கும் இதற்கும் முதலெழுத்து ஒன்றுதான் வேறுபாடு. அச்சுப் பிழை வந்தால் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

‘பின்’தான் கொஞ்சம் இடறுகிறது. தமிழில் அது பிறகு என்றும் பொருள்படும், முதுகுப்புறம் என்றும் பொருள்படும். திரும்பி வருதல் அதில் நேரடியாக இல்லை. ‘மீளூட்டம்’ என்றிருந்தால் இன்னும் பொருத்தம். ஆனாலும் ஊரெல்லாம் பழகிவிட்ட சொல்லை மாற்றுவானேன்?

சொல்லின் முழுப் பொருளையும் பார்க்க, மின்சாரத்தோடு ஒளியையும் கையாளும் ஓர் ஒளிச் சில்லுக்குள் போவோம். சிலிக்கானில் அரை மைக்ரான் அகலத்தில் ஒளி ஓடும் தடம். அதன் அருகே சில மைக்ரான் ஆரமுள்ள ஒரு வளையம். வளையத்துக்கு ஒத்ததிர்வான அலைநீளம், அதாவது சுற்றிவரும் அலை தன்னோடு தானே ஒத்துப்போகும் அலைநீளம், மட்டும் உள்ளே நுழையும், மற்றவை தடத்தோடு போய்விடும். சிக்கல் என்னவென்றால், சூடு ஏறினால் சிலிக்கானின் ஒளிவிலகல் எண்ணும் ஏறும். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் ஒத்ததிர்வு சுமார் 0.07 நானோமீட்டர் நகர்ந்துவிடும். அந்த ஒத்ததிர்வின் அகலமே பல வளையங்களில் 0.1 நானோமீட்டர் அளவுதான். பக்கத்தில் ஒரு செயலி வேலை செய்ய ஆரம்பித்தால் போதும், வளையம் தன் நிறத்தைத் தவறவிட்டுவிடும்.

அதனால் வளையத்தின் மேல் ஒரு சூடேற்றிக் கம்பி, வளையத்திலிருந்து வெளிவரும் ஒளியில் சிறு பங்கை அளக்க ஜெர்மானியம் என்ற தனிமத்தாலான ஒளிஉணரி, நடுவே ஒரு சுற்று. ஒளி குறைந்தால் சூட்டை மாற்ற வேண்டும், சரி. எந்தப் பக்கம்? உச்சியின் இருபுறமும் ஒளி ஒரே மாதிரிதானே குறைகிறது! இங்கே ஒரு தந்திரம் உண்டு. சூட்டை வேண்டுமென்றே மிகச் சிறிதாக ஆட்டுவார்கள். ஆட்டத்தோடு ஒளியும் சேர்ந்து ஏறினால் உச்சி இன்னும் வரவில்லை, எதிராக இறங்கினால் தாண்டிவிட்டது. இரண்டும் இல்லையென்றால் உச்சியில் நிற்கிறது. அப்புறம் இன்னொன்று: கம்பிக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. ஆகவே வளையத்தை எப்போதும் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவே வைத்திருப்பார்கள். வெளியே சூடு கூடினால் கம்பி தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும்.

மாற்றம் ஒரு திசையில் போக, ஊட்டம் எதிர்த்திசையில் இழுக்கிறது. 1927இல் அமெரிக்கத் தொலைபேசி ஆராய்ச்சிக்கூடமான பெல் ஆய்வகத்தின் பொறியாளர் ஹாரால்ட் பிளாக், வேலைக்குப் போகும் படகில் நாளிதழ்த் தாளில் குறித்துக்கொண்டது இந்த வகைப் பின்னூட்டத்தைத்தான். அவர் கவலை தொலைபேசிப் பெருக்கிகளைப் பற்றியது. இதை ‘எதிர்மறைப் பின்னூட்டம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. படிப்பவருக்கு வசவு வாங்கியது போல் தோன்றும். இங்கே நடப்பதோ காப்பாற்றும் வேலை. ‘எதிர்ப் பின்னூட்டம்’ போதும், ‘மறை’ வேண்டாம்.

மாற்றத்தை அதே திசையில் இன்னும் தள்ளிவிடும் நேர்ப் பின்னூட்டமும் அதே வளையத்தில் உண்டு. லேசரின் அலைநீளம் ஒத்ததிர்வைவிடச் சற்று நீளமாக இருக்கிறது என்று வையுங்கள். உள்ளே புகும் ஒளியில் கொஞ்சம் உறிஞ்சப்பட்டு வளையம் சூடாகும். சூடானால் ஒத்ததிர்வு லேசரை நோக்கி நகரும், இன்னும் ஒளி புகும், இன்னும் சூடாகும். ஒளி போதிய அளவு வலுவாக இருந்தால் ஒரு கட்டத்தில் சட்டென்று தாவிவிடும். ‘வெப்பப் பின்னூட்டம்’ என்ற பெயரை இதற்கே ஒதுக்கலாம், ஏனென்றால் இங்கே ஊட்டுவது வெப்பமே. சூடேற்றிக் கம்பி வைத்துச் செய்வது மின்னணுப் பின்னூட்டம். அதில் வெப்பம் சுற்றின் கை மட்டும்தான்.