ஆதாரை இணைக்காவிட்டால் ஓட்டு போய்விடுமா? பெங்களூரு தமிழர்களுக்கு

போகாது. வாக்காளர் பட்டியலோடு ஆதாரை இணைக்க 2021-ல் சட்டம் திருத்தினார்கள்; 2022 ஆகஸ்ட் 1 முதல், எண்ணைத் தருவதற்கான படிவம் 6பி வந்தது. தக்க காரணத்தால் எண் தர முடியாதவரின் பெயரை நீக்கக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. எண் தருவது கட்டாயமில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்திலும் தேர்தல் ஆணையம் சொன்னது. கோளாறு படிவத்தில்: எண்ணை எழுதலாம், அல்லது ‘ஆதார் இல்லை’ என்று டிக் அடிக்கலாம். இருக்கிறது, ஆனால் தர விருப்பமில்லை என்பவருக்குக் கட்டமே கிடையாது. அவர்கள் பொய்யாக டிக் அடிக்க வேண்டாம், படிவத்தையே கொடுக்காமல் விடலாம்.

பெங்களூரில் ஓட்டு தவறுவது பெரும்பாலும் வேறு காரணத்தால். பெயர் தர்மபுரியிலோ திருவண்ணாமலையிலோ இருக்கும், குடும்பம் ஸ்ரீராமபுரத்தில் இருக்கும். இவர்கள் நிரப்ப வேண்டியது முகவரி மாற்றத்துக்கான படிவம் 8. புதியவர்களுக்கான படிவம் 6-ஐக் கொடுத்தால் பெயர் இரண்டு ஊரில் ஏறிவிடும். வேறெங்கும் பெயர் இல்லை என்று அதில் தரும் உறுதிமொழி பொய்யானால் ஓராண்டு வரை சிறை. முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தம் தருவதானால் அது பதிவு செய்ததாக இருக்க வேண்டும். இங்கே வழக்கமாகப் போடும் பதினொரு மாத முத்திரைத்தாள் ஒப்பந்தம் பெரும்பாலும் பதிவாகாதது; கேஸ் பில்லோ வங்கிப் பாஸ்புக்கோ வைத்துவிடுங்கள். வாக்காளர் அட்டையில் ‘கோ. முருகன்’, ஆதாரில் ‘முருகன் கோவிந்தன்’ என்றிருந்தால் அதே படிவம் 8-ல் திருத்தலாம். கன்னட எழுத்தில் பெயர் சரியாக இருக்கிறதா என்று தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள்.

வாக்குச்சாவடியில் கைரேகை பார்ப்பதில்லை. பட்டியலில் பெயர், கையில் புகைப்பட அடையாளம், இடது ஆள்காட்டி விரலில் மைசூர் மை, அவ்வளவுதான். இது பழைய முறை என்று அலுத்துக்கொள்பவர்கள் மற்ற நாடுகளைப் பார்க்கலாம். 2012-ல் கானாவில் கைரேகைக் கருவி பழுதாகி, சில சாவடிகளில் மறுநாளும் வாக்குப்பதிவு நடந்தது. 2015-ல் நைஜீரியாவில் அதிபர் குட்லக் ஜோனாதனின் விரலையே கருவி படிக்கவில்லை. கட்டட வேலை, பாத்திரம் தேய்க்கும் வேலை என்று ரேகை தேய்ந்த கைகளுக்கு ரேஷன் கடையிலேயே இந்த அவதி உண்டு.

நீங்கள் போவதற்குள் உங்கள் பெயரில் வேறொருவர் ஓட்டுப் போட்டிருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். தலைமை அலுவலரிடம் ‘டெண்டர் ஓட்டு’ கேளுங்கள். நீங்கள்தான் அவர் என்று தெளிவானதும் இயந்திரத்துக்குப் பதில் வாக்குச்சீட்டு தருவார். படிவம் 17பி-யில் கையெழுத்தோ ரேகையோ வாங்கி, சீட்டைத் தனி உறையில் வைப்பார். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது, நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் கணக்கில் வரும். ஆனாலும் கள்ள ஓட்டு விழுந்ததற்கு எழுத்தில் நிற்கும் சாட்சி அது.