வால் உதிர்ந்தால் ஆயிரம் மடங்கு

மருந்துச் சீட்டில் மைக்ரோகிராமை 'மியூ ஜி' என்று குறியீடாக எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. மியூ கிரேக்க எழுத்து. இடப்பக்கம் கீழே ஒரு வால் தொங்கும். அவசரக் கையெழுத்தில் அந்த வால் குட்டையானால், மில்லியைக் குறிக்கும் சின்ன 'எம்' ஆகிவிடும். மில்லி ஆயிரத்தில் ஒரு பங்கு, மைக்ரோ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. படிப்பவர் எடுத்துக்கொள்ளும் அளவு 1,000 மடங்கு கூடிவிடும்.

கணினியில் அடித்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. 'சிம்பல்' எழுத்துருவில் 'எம்' விசையைத் தட்டினால்தான் மியூ வரும். அந்தக் கோப்பு வேறு எழுத்துருவுக்கு மாறும்போது மியூ போய் 'எம்' நிற்கும். யாரும் கை வைக்காமலே மைக்ரோ மில்லியாகிவிடும்! விசைப்பலகையில் மியூ இல்லையே என்று 'யூ' போடுவதும் தீர்வல்ல. யூனிட்டுக்கும் அதே எழுத்துதான். இன்சுலின் சீட்டில் 4-ஐ ஒட்டி 'யூ' எழுதினால் 40 போலத் தெரிவது தெரிந்த ஆபத்துதான்.

ஆகவே 'எம்சிஜி' என்று எழுதுங்கள். 'மைக்ரோகிராம்' என்று முழுதாக எழுதினால் இன்னும் நல்லது.

தைராய்டு மருந்தான தைராக்சினில் மாத்திரையே காவல். 50 மைக்ரோகிராமை 50 மில்லிகிராம் என்று படித்தால் 50 மைக்ரோகிராம் மாத்திரை ஆயிரம் வேண்டும். அங்கேயே சந்தேகம் வந்துவிடும். இதய மருந்தான டிகாக்சினில் அப்படியில்லை. சீட்டில் 125 மைக்ரோகிராம், அட்டையில் 0.25 மில்லிகிராம் என்று இருக்கும். மில்லிகிராமை 1,000-ஆல் பெருக்கினால் 250 மைக்ரோகிராம். ஆக, அரை மாத்திரை. இந்தக் கணக்கைத் தாளில் போடுங்கள், மனதில் வேண்டாம். புள்ளிக்கு முன் பூஜ்ஜியம் கட்டாயம்: புள்ளி மங்கினால் '.25' வெறும் 25 ஆகிவிடும். 5 மில்லிகிராமை '5.0' என்று எழுதாதீர்கள், அது 50 ஆகும்.

சில அட்டைகளில் 'எம்', 'ஜி' இரண்டையும் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். சர்வதேச அலகு முறையில் பெரிய 'எம்' மெகா. அப்படிப் பார்த்தால் அது மெகாகிராம், அதாவது ஒரு டன்! மெகாவும் அதற்கு மேலுள்ளவையும் பெரிய எழுத்து, கிலோவும் அதற்குக் கீழுள்ளவையும் சின்ன எழுத்து.

இதே மைக்ரோவைத் தைராய்டு ரத்தப் பரிசோதனை அறிக்கையில் பார்த்துப் பயப்பட வேண்டாம். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஓர் ஆய்வகத்தில் 'மில்லிலிட்டருக்கு 4.5 மைக்ரோ யூனிட்', இன்னொன்றில் 'லிட்டருக்கு 4.5 மில்லி யூனிட்' என்று வரும். மேலும் கீழும் 1,000-ஆல் பெருக்கியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே அளவு.