எடை குறைந்த குழந்தையைத் துணியால் சுற்றிச் சுற்றிப் படுக்க வைக்காதீர்கள்

1,600 கிராமில் டிஸ்சார்ஜ் ஆன குழந்தை, ஒரே வாரத்தில் கால் சில்லிட்டு, பால் குடிக்காமல் திரும்பி வருகிறது. பிரித்துப் பார்த்தால் மூன்று துணி, மேலே ஒரு கம்பளி. "நல்லா சுத்தித்தானே டாக்டர் வெச்சிருந்தோம்?" இன்னும் எத்தனை குழந்தைகள் இப்படி வரவேண்டும்?

துணி சூட்டை உண்டாக்காது. உடம்பில் இருக்கும் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். நிறைமாதக் குழந்தைக்குக் கழுத்திலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு இருக்கும். குறைமாதத்தில் பிறந்ததற்கு அது போதிய அளவு சேர்ந்திருக்காது. குளிர்ந்துபோன குழந்தையை எத்தனை சுற்று சுற்றினாலும் அது குளிர்ந்தேதான் கிடக்கும். அதற்குத் தேவை கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையை வெறும் நெஞ்சோடு அணைத்து உங்கள் உடம்புச் சூட்டைக் கொடுப்பது. நைட்டிக்கு மேல் போட்டு அணைத்துக்கொள்வது கங்காரு பராமரிப்பு ஆகாது. தோலோடு தோல் பட வேண்டும்.

குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், டயபர் மட்டும். மார்புகளுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து, கால்களைத் தவளைபோல மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்புங்கள். முகவாய் லேசாகத் தூக்கியிருக்கட்டும். அது நெஞ்சில் புதைந்தால் மூச்சு அடைபடும். அடிக்கடி பார்க்கிற தப்பு இதுதான். குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் துணியின் மேல்விளிம்பு காதுக்குக் கீழே நிற்க வேண்டும். மல்லாந்து படுக்காமல் சாய்ந்து உட்காருங்கள். ஒரு தடவைக்கு 1 மணி நேரமாவது. நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையவே கூடாது, எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. அம்மாவுக்குக் குளிக்க, சாப்பிட, தூங்க நேரம் வேண்டாமா? அப்பா சட்டையைக் கழற்றட்டும். பாட்டியும் வைத்துக்கொள்ளலாம்.

"கண்ணாடிப் பெட்டிக்கு (இன்குபேட்டர்) வழியில்லாதவர்களுக்குத்தானே இது?" 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் டாக்டர் எட்கர் ரே இந்த முறையைத் தொடங்கியபோது இன்குபேட்டர் பற்றாக்குறை இருந்தது உண்மை. ஆனால் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 முதல் 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் கங்காரு பராமரிப்பைப் பிறந்தவுடனே தொடங்கியதில், முதல் 28 நாள் இறப்பு கால்பங்கு குறைந்தது.

2 கிலோ தாண்டும்வரை குளிப்பாட்டாதீர்கள். வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்தால் போதும். சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம், பாட்டிமார்களே, தயவுசெய்து. இரண்டு மணிக்கொருமுறை பால். உறிஞ்ச முடியாவிட்டால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுங்கள். 2.5 கிலோ ஆனதும் பெரும்பாலும் குழந்தையே நெளிந்து வெளியே வரப் பார்க்கும். அப்போது நிறுத்தலாம்.

அக்குள் சூடு 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்து, ஒரு மணி நேரம் நெஞ்சோடு வைத்தும் ஏறவில்லையா? பால் குடிக்கவில்லையா, உதடு நீலமாகிறதா, மூச்சு விட்டுவிட்டு வருகிறதா? விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள். வண்டியிலும் நெஞ்சோடு கட்டியபடியே கொண்டுவாருங்கள்.