சுருக்கத்துக்கு எத்தனை மார்க்?

பாம்பனில் ஒரு கல்யாண வீடு. என் பெரியம்மாவும் சின்னம்மாவும் முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மாவுக்கு வயது 64, சின்னம்மாவுக்கு 58. ஆனால் புதிதாகப் பார்த்தவர்கள் சின்னம்மாவைத்தான் மூத்தவர் என்று நினைத்தார்கள். பெரியம்மா ராமநாதபுரம் டவுனில் வாக்கப்பட்டவர்; முப்பது வருடத்துக்கு மேலாக வீட்டுக்குள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவர். சின்னம்மா சின்னப்பாலத்தில். கல்யாணமான நாளிலிருந்து பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி வருவார். தலைக்கு ஒரு துண்டு உண்டு. முகத்துக்கு எதுவும் கிடையாது.

"வெயில் தின்ன மூஞ்சிப்பா இது" என்றார் சின்னம்மா.

வெயில் தின்றது சரி. எவ்வளவு தின்றது? அக்காவைவிட எத்தனை படி கூடுதலாக? கேட்டால் "ரொம்ப" என்போம். "ரொம்ப" என்பது அளவில்லை. சுருக்கத்தைக் குறைக்கும் என்று ஒரு ஊசியையோ களிம்பையோ லேசரையோ ஒருவர் கொண்டுவந்தால், முன்பு எவ்வளவு இருந்தது, பின்பு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். அந்த எண் இல்லாத இடத்தில் மிஞ்சுவது விளம்பரம் மட்டும்தான். புருவ நடுவில் விழும் கோடுகளுக்குப் போட்டாக்ஸ் ஊசியை 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தபோது, அதன் பின்னால் இருந்தது அப்படிப்பட்ட ஒரு எளிய மார்க்தான்: 0 என்றால் கோடு இல்லை, 1 லேசு, 2 நடுத்தரம், 3 கடுமை.

மார்க் போடும் முன், எதற்குப் போடுகிறோம் என்று தெரிய வேண்டும். முகத்துத் தசைகள் மற்ற தசைகளைப் போல எலும்பிலிருந்து எலும்புக்குப் போகாமல் தோலிலேயே வந்து ஒட்டுகின்றன. தசை சுருங்கும்போது தோலும் கூடவே மடிகிறது. மடிப்பு எப்போதும் தசை இழுக்கும் திசைக்குக் குறுக்காகத்தான் விழும். நெற்றித் தசை மேலும் கீழுமாக இழுக்கிறது, அதனால் நெற்றியில் கோடுகள் படுக்கையாக ஓடுகின்றன. கண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு தசை இருக்கிறது, அதனால் கண்ணோரக் கோடுகள் விசிறி போல விரிகின்றன.

இளவயதில் சிரிப்பு நின்றதும் கோடும் போய்விடும். தோலின் உள்ளடுக்கில் இருக்கும் கொலாஜன், எலாஸ்டின் என்ற நார்ப்பொருட்கள் தோலை இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், கொலாஜனை வெட்டும் நொதிகளை நம் உடலே சுரக்கிறது. வெட்டியதை உடல் திரும்பக் கட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறை வைத்துக் கட்டும். நைலான் வலையை வெயிலிலேயே போட்டு வைத்தால் இத்துப்போகும் என்று கடற்கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோலில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். எலாஸ்டின் தன் பங்குக்குச் சிதைந்து கட்டிகட்டியாகத் திரண்டு, தோலைத் தடிப்பாக்கித் தொளதொளக்க வைக்கிறது. ஹாம்பர்க் துறைமுக நகரத்தில் இருந்த தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா, மாலுமிகளின் தோலில் வரும் இந்த மாற்றங்களை 1894-லேயே எழுதி வைத்தார். கடல்காரர் தோல் என்றே அதற்குப் பெயர்.

ஒரே முகத்திலேயே இதைக் காட்டும் ஒரு படம் 2012-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர். அந்த ஊரில் ஓட்டுநர் உட்காருவது இடப்பக்கம், அதனால் ஜன்னல் பக்கமிருந்த இடக்கன்னம் முழுக்கத் தடித்துச் சுருங்கியிருந்தது. வலக்கன்னம் அதைவிட இளமையாகத் தெரிந்தது. புற ஊதா 'ஏ' வகைக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும். நம் ஊர் ஓட்டுநர்களுக்கு வலப்பக்கம் ஜன்னல்.

சரி, அளவுக்கு வருவோம். 1996-ல் ரிச்சர்ட் க்ளோகாவ் என்ற மருத்துவர் நான்கு வகையாகப் பிரித்தார். முதல் வகை, சுருக்கம் இல்லை. இரண்டாவது, முகம் அசையும்போது மட்டும் சுருக்கம். மூன்றாவது, சும்மா இருக்கும்போதும் சுருக்கம். நான்காவது, முகம் முழுக்கச் சுருக்கம். எனக்கு இது பிடிக்கக் காரணம், தோல் எந்த இடத்தில் தோற்கத் தொடங்குகிறது என்பதையே இது அளவுகோலாக்கிக்கொள்கிறது. பெரியம்மா சிரித்தால் கண்ணோரத்தில் கோடு விழும். சிரிப்பு அடங்கினால் பாதி மறைந்துவிடும். சின்னம்மாவுக்குத் தூக்கத்திலும் அந்தக் கோடுகள் இருக்கும்.

ஆனால் நான்கே பெட்டி என்பது முரட்டு அளவு. சிகிச்சையால் கொஞ்சம் குறைந்தால் இதில் தெரியாது. வார்த்தைகளை நம்பியிருப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: ஒரு மருத்துவரின் "நடுத்தரம்" இன்னொருவருக்கு "லேசு". 1992-ல் கிரிஃபித்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 0 முதல் 8 வரை படிகள் வைத்து, இடையிடையே ஐந்து படிகளுக்கு நிஜ முகங்களின் புகைப்படங்களைக் கொடுத்துவிட்டார்கள். எதிரே இருப்பவரைப் பார், படத்தைப் பார், எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று சொல். வார்த்தையை மட்டும் வைத்து மார்க் போட்டதைவிட, படத்தோடு ஒப்பிட்டுப் போட்டபோது மருத்துவர்கள் தங்களுக்குள் அதிகம் ஒத்துப்போனார்கள். இன்று புழக்கத்தில் இருக்கும் அளவுகோல்களில் பல இந்த வழியில் வந்தவைதான்.

அடுத்த படி, முகத்தை ஒட்டுமொத்தமாகப் பார்ப்பதை விட்டுவிட்டு இடம் இடமாகப் பிரித்தது. 2001-ல் காட்ஃப்ரீட் லெம்பர்லே குழுவினர் நெற்றி, புருவ நடு, கண்ணோரம், மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பு, உதட்டுக்கு மேல் கோடுகள், கழுத்தின் குறுக்கு மடிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 0 முதல் 5 வரை போட்டார்கள். 1 என்றால் உற்றுப் பார்த்தால் தெரிவது. 3 ஓரளவு ஆழமானது. 4 ஆழமானது, விளிம்பு தெளிவாகத் தெரிவது. 5 என்றால் தோல் உபரியாகி மடிந்தே கிடப்பது.

கழுத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அளப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கழுத்தில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. தாடையிலிருந்து நெஞ்சு வரை இறங்கும் தட்டையான தசையின் ஓரங்கள் வயதானபின் நெடுக்காகப் புடைத்து, கயிறு போலத் தெரியும். குறுக்குக் கோடுகள் வேறு. அவை சின்ன வயதிலேயே, சிலருக்குக் குழந்தையாக இருக்கும்போதே இருக்கும். நம் மரபில் அவை அழகு. சங்கு போன்ற கழுத்து என்றுதான் புலவர்கள் பாடினார்கள். சிலைகளின் கழுத்தில் சிற்பிகள் மூன்று கோடுகள் கீறினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளித்த இந்தக் கரையில் அந்த உவமை சும்மா வந்ததில்லை. அதனால், கழுத்தில் கோடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் இருபது வயதுப் பெண்ணும் மார்க் வாங்கிவிடுவாள். கோடு எவ்வளவு ஆழம், சுற்றியுள்ள தோல் தொய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதையும் தலை நேராக நிமிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். குனிந்தால் எல்லாருக்கும் ஒரு படி கூடும்.

பின்கழுத்து இன்னும் தெளிவாகப் பேசும். ஆண்டுக்கணக்கில் வெயிலில் குனிந்து வேலை செய்தவர்களுக்கு அங்கே தோல் தடித்து, ஆழமான கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சாய்சதுரக் கட்டங்கள் போட்டிருக்கும். கரைவலை இழுத்த பெரியவர்கள் பலரின் பின்கழுத்தில் பார்த்திருக்கிறேன்.

இப்போது முக்கியமான கேள்வி. கண்ணால் பார்த்துப் போடும் மார்க்கை எப்படி நம்புவது? ஒரே முகத்துக்கு இரண்டு மருத்துவர்கள் ஒரே மார்க் போட்டால் நம்பலாம் என்று தோன்றும். ஆனால் தற்செயலாகவும் ஒத்துப்போகலாமே. 100 படங்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மருத்துவர்களும் தனித்தனியே 80 படங்களுக்குக் "கடுமை" என்றும் 20 படங்களுக்கு "லேசு" என்றும் சொல்கிறார்கள். படத்தைப் பார்க்காமலே, அதே விகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் சுமார் 68 படங்களில் ஒத்துப்போயிருப்பார்கள். நிஜத்தில் 84 படங்களில் ஒத்துப்போனார்கள் என்றால், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தற்செயலுக்கு மேல் அவர்கள் சம்பாதித்தது 16 மட்டும், சம்பாதித்திருக்கக்கூடியது 32. ஆக 0.5. இதைத்தான் கப்பா மதிப்பு என்கிறார்கள். ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர் 1960-ல் தந்த கணக்கு இது. 3-க்குப் பதில் 4 போடுவது சின்னப் பிசகு, 1-க்குப் பதில் 4 போடுவது பெரிய பிசகு என்று எடை போட்டுப் பார்க்கும் முறையை அவரே 1968-ல் சேர்த்தார். பொதுவாக 0.6-க்கு மேல் போனால் நல்ல ஒப்புதல், 0.8-க்கு மேல் என்றால் மிக நல்ல ஒப்புதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவரிடமே சில வாரம் கழித்து, வரிசையை மாற்றி அதே படங்களைக் கொடுத்தும் பார்ப்பார்கள். தன்னோடு தானே ஒத்துப்போகாத கண்ணுக்கு அளவுகோலைக் கொடுத்துப் பயனில்லை.

கண்ணை ஏமாற்றுவதில் முதல் இடம் வெளிச்சத்துக்கு. தனுஷ்கோடி மணலில் உச்சி வெயிலில் நின்றால் தரை வழவழவென்று தெரியும். மாலையில் சூரியன் சாய்ந்ததும் அதே மணலில் காற்று வரைந்த அலைவரிகள் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கும். மணல் மாறவில்லை; ஒளி வந்த கோணம் மாறியது. முகமும் அப்படித்தான். முன் படத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்திலும் பின் படத்தை நேர் வெளிச்சத்திலும் எடுத்தால், எந்தச் சிகிச்சையும் இல்லாமலே சுருக்கம் "குறைந்துவிடும்". முறையான ஆய்வில் ஒரே விளக்கு, ஒரே தூரம், ஒரே தலைச் சாய்வு, ஒரே முகபாவம் வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். முன்–பின் படங்களை யார் காட்டினாலும் நான் முதலில் பார்ப்பது மூக்கின் நிழலைத்தான்.

இயந்திரமும் அளக்கும். காய்வதற்காகக் கட்டிய வலையின் நிழல் தரையில் விழுவதைக் கவனித்திருப்பீர்கள்: சமதரையில் இழைகள் நேராக இருக்கும், மேடுபள்ளத்தில் வளையும். தோலின்மேல் இப்படி ஒளிக்கோடுகளை வீழ்த்தி, அவை எவ்வளவு வளைகின்றன என்று கேமராவால் கணக்கிட்டு, சுருக்கத்தின் ஆழத்தை மைக்ரோமீட்டரில் சொல்லும் கருவிகள் உண்டு. அதற்கு முன் சிலிக்கோன் பசையைத் தோலில் பூசி, அச்செடுத்து அளந்தார்கள். சொரசொரப்பைக் குறிக்கும் கணக்குகளைக்கூட உலோகம் கடைகிற தொழிலிலிருந்துதான் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் கருவி சொல்லும் சின்ன வித்தியாசம் கண்ணாடி முன் நிற்பவருக்குத் தெரியாமல் போகலாம். அதனால்தான் சில மருந்துச் சோதனைகளில், மருத்துவரும் சிகிச்சை பெற்றவரும் ஆளுக்கொரு மார்க் போட்டு, இருவர் கணக்கிலும் 2 படி குறைந்தால்தான் பலன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கறாரான முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஆரம்பகால அளவுகோல்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலைப் பார்த்து உருவானவை. நம் தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம். அது புற ஊதாக் கதிரில் நிறையத் தடுத்துவிடுகிறது, அதனால் மெல்லிய கோடுகள் தாமதமாக வருகின்றன. மங்கு, கரும்புள்ளி, சீரற்ற நிறம் ஆகியவை முந்திக்கொண்டு வருகின்றன. கோட்டை மட்டும் எண்ணினால், நம் ஊர்ப் பெண்ணுக்கு நாற்பது வயதில் வெயில் செய்த வேலை கணக்கிலேயே வராது. கொரியாவில் 2001-ல் சுருக்கத்துக்கு ஒன்று, நிறமாற்றத்துக்கு ஒன்று என்று தனித்தனிப் பட அளவுகோல்களை உருவாக்கினார்கள். நமக்கும் அந்தப் பிரிப்புதான் பொருந்தும்.

கல்யாணத்துக்கு மறுநாள் இருவரையும் திண்ணையில் உட்கார வைத்து, ஒரே சுவருக்கு முன்னால், ஒரே நேரத்தில் படம் எடுத்தேன். லெம்பர்லே அளவில் நான் போட்டது: பெரியம்மாவுக்கு நெற்றி 2, கண்ணோரம் 2, கழுத்து 3. சின்னம்மாவுக்கு நெற்றி 4, கண்ணோரம் 4, கழுத்து 4. நான் பயிற்சி பெற்ற கண் இல்லை. ஒரு படி முன்னே பின்னே இருக்கலாம்.

"மேல கொஞ்சம் தூக்குங்க சின்னம்மா" என்றேன். தாடையைத் தூக்கினார். தாடைக்குக் கீழே, முகத்தின் நிழலே முப்பது வருடமாகக் குடை பிடித்த இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் நிறம் மாறாமல் மழமழவென்று இருந்தது. பெரியம்மா எழுந்து வந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "இது அம்மா தோலுடி" என்றார்.