கவனக்குறைவு என்று என்னிடம் சொல்லாதீர்கள்

போன வாரம் மட்டும் மூன்று. திங்கள்கிழமை ஒரு கட்டைவிரல் நுனி. வியாழன் இரவு இரண்டு விரல்கள். சனிக்கிழமை விடிகாலையில் வலதுகை ஆள்காட்டி விரல், அடியோடு. மூன்றும் பவர் பிரஸ்ஸில், அதாவது தகட்டை அடித்துப் பாகம் எடுக்கிற மிஷினில் போனவை. மூவருக்கும் இன்னும் முப்பது வயதாகவில்லை. கூட வந்தவர்கள் சொல்லிவைத்தாற்போல ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: கவனக்குறைவு.

கோயம்புத்தூரில் கை அறுவை சிகிச்சை செய்கிறேன். இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் பட்டறைக்காரர்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை விரல் எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வந்தது. மூடியைத் திறந்தால் பாதி உருகிய ஐஸ் தண்ணீர், அதில் விரல் மிதக்கிறது. வெளுத்து, ஊறி, நாளெல்லாம் துணி துவைத்த கை மாதிரி சுருங்கிப் போயிருந்தது. நகக்கண்ணில் இருந்த கிரீஸ் மட்டும் அப்படியே இருந்தது. கொண்டுவந்தவர் பட்டறை முதலாளி. தன் வேனிலேயே பையனைத் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்திருந்தார். “உடனே ஐஸ்ல போட்டுட்டமுங்க டாக்டர், ஒரு நிமிசங்கூட வெளிய வெக்கலீங்க” என்றார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், அவரைத் திட்ட மனம் வரவில்லை. ஆனால் உங்களைத் திட்டலாம், நீங்கள் இன்னும் பட்டறையில் இருக்கிறீர்கள்.

துண்டான விரலை நேரடியாக ஐஸில் போடக்கூடாது. போட்டால் திசு உறைந்து சாகும், தண்ணீரில் ஊறி ரத்தக்குழாய்கள் நொந்துபோகும். விரலின் ரத்தக்குழாய் சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலம்தான். அதை மைக்ராஸ்கோப் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறோம். ஊறிப்போன குழாயில் அந்த நூல் நிற்காது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சுத்தமான தண்ணீரில் லேசாக அலசுங்கள். ஈரத் துணியிலோ காஸ் துணியிலோ சுற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அந்தக் கவரை ஐஸ் போட்ட பாத்திரத்துக்குள் வையுங்கள். விரலும் ஐஸும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இதில் என்ன கஷ்டம் இருக்கிறது?

சரி, இதை ஒழுங்காகச் செய்தால் எல்லா விரலும் ஒட்டிவிடுமா? ஒட்டாது. இங்கேதான் எங்கள் ஊருக்கே ஒரு தப்பான நம்பிக்கை. அறுந்த கை, விரலை ஒட்டவைப்பதில் கோவைக்கு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயரே இப்போது எதிரியாகிவிட்டது. “இங்கதான் ஒட்டிடுவாங்களே” என்று பட்டறையில் பேசிக்கொள்கிறார்களாம். அரிவாளில் அறுந்த விரல் வேறு, பிரஸ்ஸில் போன விரல் வேறு. பிரஸ் வெட்டுவதில்லை, நசுக்குகிறது. நசுங்கிய எலும்பையும் பிய்ந்த நரம்பையும் எந்த மைக்ராஸ்கோப்பாலும் புதிதாக்க முடியாது. அந்தப் பையனின் விரல் ஐஸில் ஊறாமல் வந்திருந்தாலும் அதிக வாய்ப்பு இருந்திருக்காது. முதலாளியிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். “கவனக்குறைவுங்க டாக்டர். ஃபோனப் பாத்துட்டே அடிச்சிருப்பானுங்க.”

இப்போது கணக்குக்கு வருவோம். பையன் ஒடிசாக்காரன், வயது 21, வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள். மணிக்கு 600 பீஸ் எடுக்க வேண்டும், ஷிப்ட் 12 மணி நேரம் என்று அவன்தான் சொன்னான். சாப்பாட்டு நேரத்தைக் கழிக்காமல் பார்த்தால் ஒரு ஷிப்டுக்கு 7,200 தடவை. ஒவ்வொரு தடவையும் கை, தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற அச்சான டைக்குள் போய், துண்டை வைத்துவிட்டு வெளியே வரவேண்டும், அதன் பிறகு கால் பெடலை மிதிக்க வேண்டும். 7,199 தடவை சரியாகச் செய்துவிட்டு ஒரு தடவை காலும் கையும் முந்திப் பிந்திப் போனால் அவன் பெயர் கவனக்குறைவானவன். நான் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு நாளில் 7,200 தையல் போட்டால் எத்தனை தையல் கோணலாகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எங்களுக்கு நடுவில் ஓய்வு, ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்க்க நர்ஸ், எண்ணிப் பார்க்க லிஸ்ட். டாக்டர் தவறு செய்வார் என்று எடுத்துக்கொண்டுதான் தியேட்டரையே அமைத்திருக்கிறோம். பிரஸ் ஆபரேட்டர் மட்டும் தவறே செய்யமாட்டான் என்று எந்த நம்பிக்கையில் பட்டறையை அமைக்கிறீர்கள்?

மனிதனின் கவனம் போகும், வரும். அதிகாலை மூன்று மணிக்குக் கண்டிப்பாகப் போகும். பசித்தால் போகும், ஊரிலிருந்து கெட்ட சேதி வந்தால் போகும். அது குறைபாடு இல்லை, மூளை அப்படித்தான் இயங்கும். கவனம் தவறுகிற நொடியில் கை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. டைக்குள் இருந்தால் விரல் போகும். கை உள்ளே போகவே முடியாதபடி மிஷின் இருந்தால், அவன் தூங்கி விழுந்தாலும் ஒரு பீஸ்தான் வீணாகும்.

“பழகின கை டாக்டர், இருபது வருசமா இதே மிஷின்” என்று சொல்கிறவர்களையும் பார்க்கிறேன், பல சமயம் படுக்கையில். புது ஆளுக்கு மிஷின் தெரியாது, பழைய ஆளுக்குப் பயம் தெரியாது. இரண்டு பேரும் என்னிடம்தான் வருகிறார்கள்.

ஒருமுறை பழைய நோயாளி ஒருவர் தன் பட்டறையைப் பார்க்கக் கூப்பிட்டார். பிரஸ்ஸில் இரண்டு பச்சைப் பொத்தான்கள், இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அடிக்கும் என்று பெருமையாகக் காட்டினார். இடது பொத்தானின் மேல் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று, அதன்மேல் இன்சுலேஷன் டேப். நாணயம் பொத்தானை அழுத்தியபடியே இருக்கிறது, ஆபரேட்டர் வலதுகையால் மட்டும் ஓட்டுகிறார். யார் ஒட்டியது என்று கேட்டேன். எல்லாரும் மேற்கூரையைப் பார்த்தார்கள். பீஸ் ரேட்டில் ஓடுகிற பட்டறையில் யார் ஒட்டியது என்பதற்கு எனக்குப் பதில் தேவையில்லைதான். நாணயம் டேப் அழுக்கோடு அழுக்காகியிருந்தது, பல மாதமாக அங்கே இருந்திருக்கும். தினமும் அதைத் தாண்டி நடந்த சூப்பர்வைசரின் கவனத்தை யாரும் குறை சொல்வதில்லை.

இன்னொருவர் சென்சார் போட்டிருந்தார், கை குறுக்கே வந்தால் மிஷின் நின்றுவிடுமாம். அவருடைய மிஷின் ‘பின் கிளட்ச்’ (சக்கரத்தையும் தண்டையும் ஒரு முளையால் பூட்டுகிற அமைப்பு) வைத்த பழைய பிரஸ். கிளட்ச் விழுந்துவிட்டால் ஒரு சுற்று முழுக்க முடித்துத்தான் நிற்கும், நடுவில் சென்சார் கத்தினாலும் அதற்குக் காது கிடையாது. இதை எனக்குச் சொல்லித்தந்தது ஓர் இன்ஜினியர் நண்பர், உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அந்த மாதிரி மிஷினுக்கு டையைச் சுற்றிக் கம்பிக்கூண்டுதான் வழி. ஷீட் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கட்டும், விரல் நுழைகிற அளவுக்கு வேண்டாம். சின்னத் துண்டாக இருந்தால் இடுக்கியோ காந்தக் கோலோ கொடுங்கள். ஆபத்தான பாகத்தை மூடி வை என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது, நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டேன், பாதுகாப்புக்கு என் பங்கு முடிந்தது என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. லேத், டிரில்லிங் மிஷின் போலச் சுற்றுகிற எதன் பக்கத்திலும் துணிக் கையுறை போடக்கூடாது. நூல் ஒன்று சிக்கினால் போதும், கையுறை கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தோல் மொத்தமும் உரிந்து, கழற்றிய கையுறை போலத் தனியாக வந்த கையைப் பார்த்திருக்கிறேன். மோதிரமும் அப்படித்தான். கல்யாண மோதிரம் என்று கழற்றமாட்டேன் என்பார்கள். விரலோடு கழன்று வரும்.

முதலாளிகளை மட்டும் திட்டுவதாக நினைக்க வேண்டாம். இந்த ஊர் மிஷினால் பிழைக்கிற ஊர். 1888-இல் ஸ்டேன்ஸ் மில், 1930-களில் நீலகிரியிலிருந்து பைகாரா நீர்மின்சாரம், அப்புறம் வரிசையாக மில்கள். மில்லுக்கு ஸ்பேர் செய்ய ஃபவுண்டரிகளும் பட்டறைகளும் வந்தன, அதிலிருந்து மோட்டார், பம்ப்செட், கிரைண்டர் என்று வளர்ந்தது. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் வீட்டு முன்பக்கம் ஷட்டர் போட்டு உள்ளே நான்கு பிரஸ் ஓட்டுகிறவர்கள் பலரும் நேற்றுவரை தொழிலாளிகள். சிலருக்கு விரலும் குறைவு, கை குலுக்கும்போது தெரியும். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியபோது வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணமும் ஏறியது. இரும்பு விலை ஏறுகிறது, பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கிற ஜாப் ஆர்டரின் ரேட் மட்டும் ஏறுவதில்லை. பீஸுக்குப் பத்து பைசா கூட்டிக் கேட்டால் பக்கத்துத் தெருவுக்கு ஆர்டர் போய்விடும் என்கிறார்கள். பொய்யில்லை. ஆர்டர் கொடுக்கிற பெரிய கம்பெனியின் வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பலகை தொங்கும், எண் தினமும் ஏறும். என்னிடம் வருகிற விரல்கள் செய்த பாகம் அந்த கேட் வழியாகத்தான் உள்ளே போகிறது. விரல் மட்டும் பலகைக் கணக்கில் சேர்வதில்லை. தரம் பார்க்க ஜாப் ஆர்டர் பட்டறைவரை ஆள் அனுப்புகிறவர்கள், வந்த காலோடு பிரஸ்ஸில் கூண்டு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் என்ன?

ஆனால் ஒரு விஷயத்தில் முதலாளிகளை விடமாட்டேன். “வீட்ல கரும்பு ஜூஸ் மிஷின்ல மாட்டிக்கிச்சுன்னு எழுதிக்குங்க டாக்டர்” என்று தனியாக வந்து காதில் சொல்கிறீர்களே, அது வேண்டாம். ஏ.ஆர். என்கிற ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் நான் பொய் எழுதமாட்டேன். எழுதினால் அந்தப் பையனுக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் வரவேண்டிய மாதப் பணம் ஆயுள் முழுக்கப் போய்விடும். பத்துப் பேர் வேலை செய்கிற இடம், சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் சேர்ந்த அன்றைக்கே பெயரைப் பதிந்துவிடுங்கள். விரல் போன மறுநாள் ஆதார் அட்டையைத் தேடிக்கொண்டு ஓடாதீர்கள். இ.எஸ்.ஐ. இல்லாத சின்னப் பட்டறை என்றாலும் 1923-லேயே இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஒவ்வொரு விரலுக்கும் இழப்புச் சதவீதம் போட்டிருந்தார்கள்: கட்டைவிரல் 30, ஆள்காட்டி 14, நடுவிரல் 12, மோதிரவிரலும் சுண்டுவிரலும் தலா 7. (சுண்டுவிரலுக்கு 7 என்று போட்டவர் சுத்தியல் பிடித்திருக்கமாட்டார். இறுக்கிப் பிடிக்கிற பலத்தில் கணிசமான பங்கு அந்த ஓரத்து இரண்டு விரல்களில் இருக்கிறது. ‘சுண்டுவிரல்தானே டாக்டர், எடுத்துடுங்க’ என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் கழித்து ஸ்பேனர் நழுவுகிறது என்று வருவார்கள்.)

விபத்து நடந்துவிட்டால், முதலில் மெயினை அணையுங்கள். காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். பெரும்பாலான ரத்தம் இதிலேயே நிற்கும். கம்பியோ ரப்பர் டியூபோ கொண்டு விரலடியில் இறுக்கிக் கட்டாதீர்கள். மஞ்சள், காபித்தூள், கிரீஸ் எதுவும் வேண்டாம், அரை மணி நேரம் அதைச் சுரண்டி எடுப்பதிலேயே போகிறது. தோலில் தொங்கிக்கொண்டிருக்கிற துண்டைப் பிய்க்காதீர்கள், அந்தத் தோலுக்குள் ஒரு ரத்தக்குழாய் உயிரோடு இருக்கலாம். நசுங்கிய துண்டாக இருந்தாலும் எடுத்து வாருங்கள், ஒட்ட முடியாவிட்டாலும் அதன் தோல் வேறு இடத்துக்குப் பயன்படும். தயவுசெய்து டீயோ சோடாவோ வாங்கிக் கொடுக்காதீர்கள். வயிறு நிறைந்திருந்தால் மயக்கம் கொடுக்கத் தாமதமாகும். குளிர்ச்சியாக வைத்த விரல் 12 மணி நேரம் தாண்டியும் தாங்கும், ஆனால் மணிக்கட்டுக்கு மேலே அறுந்தால் 6 மணி நேரம்தான் கணக்கு. அதனால் மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்காமல், போன் செய்து கேட்டுவிட்டு நேராக வாருங்கள். ஒட்டவைத்த பிறகு பீடி, சிகரெட் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் பிடிப்பதும் கூடாது, புகை பட்டால் அந்தச் சின்னக் குழாய் சுருங்கிவிடும்.

சனிக்கிழமைப் பையனுக்கு விரல் ஒட்ட முடியவில்லை, முனையை மூடித் தைத்துவிட்டோம். திங்கட்கிழமை மதியம் அவனோடு தங்கியிருக்கிற இன்னொரு பையன் வார்டுக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தான். உள்ளே ஃபோன், சார்ஜர், ஆதார் ஜெராக்ஸ். ஃபோன் எங்கே இருந்தது என்று நர்ஸ் கேட்டார். சூப்பர்வைசரின் டிராயரில் இருந்ததாம். ஷிப்ட் தொடங்கும்போது எல்லார் ஃபோனையும் வாங்கி வைத்துவிடுவார்கள், அன்று இவன் திரும்பி வராததால் அங்கேயே கிடந்திருக்கிறது. பையன் கட்டுப்போட்ட வலதுகையைப் பழக்கதோஷத்தில் ஃபோனுக்குக் கொண்டுபோனான், பிறகு கீழே இறக்கிவிட்டு இடதுகை விரலை வைத்தான். திறக்கவில்லை. அவன் பதிந்து வைத்திருந்தது வலதுகை ஆள்காட்டி விரல் ரேகையை. நம்பர் மறந்துவிட்டது என்றான்.